சின்ன லைனைக் கழற்றிய வருஷம்

கல்யாணமாகி நான் கேங் லயத்துக்குக் குடிவந்தபோது, அந்தப் பாதையில் ஆட்கள் ஏறும் பெட்டிகள் நின்றுபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கூட்ஸ் மட்டும்தான் ஓடியது. கொழும்பிலிருந்து வரும் பெரிய லைன் நானுஓயா வழியாகப் போகும். அங்கிருந்து பிரிந்து, நுவரெலியாவையும் கந்தப்பளையையும் தொட்டு, ராகலை வரைக்கும் மலையைச் சுற்றிச் சுற்றிப் போனது எங்கள் சின்ன லைன். வரும்போது அரிசி மூட்டையும் உர மூட்டையும் வரும். போகும்போது உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் போகும். மனுஷருக்கு மட்டும் அதில் இடமில்லை. ரயில்காரனைக் கட்டிக்கொண்டவள் என்று பேர், புருஷன் வீட்டுக்கு நான் சிலிப்பர் கட்டைகளை மிதித்து நடந்துதான் வந்தேன். என் தோழிகள் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்கள்.

தளர்ந்த ஆணியை இறுக்கி, மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளிப் போட்டு, பாதையைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்குக் கேங் என்று சொல்வார்கள். என் வீட்டுக்காரர் அதில் ஒருவர். தோட்டத்தைப் போலவே அவர்களுக்கும் ஒரு கங்காணி இருந்தார். கந்தப்பளைக்கு அப்பால், பாதையை ஒட்டித் தகரம் போட்ட ஒரு வரிசை வீடு, அதுதான் லயம். குடும்பத்துக்கு ஒரே அறை, ஒரு காம்பரா. வாசலில் நின்று கையை நீட்டினால் கூட்ஸைத் தொட்டுவிடலாம். அரசாங்க மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று என் அப்பா தோட்டம் பூராவும் சொல்லித் திரிந்தார். செத்துப்போகும் வரைக்கும் அந்தப் பெருமை அவருக்குக் குறையவில்லை.

ஆனால் கல்யாணத்தன்றே ஒன்று நடந்தது. தோட்டத்துச் செக்ரோலிலிருந்து என் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் பதிந்தவர்களுக்குத்தான் தோட்டத்தில் வேலை. வேலை உள்ளவர்களுக்குத்தான் காம்பரா. வெளியாளைக் கட்டிக்கொண்டு போனவள் வெளியாள். ரயில்காரர்களிடமும் அதே சட்டம்தான். கேங்கில் வேலை இருக்கும்வரை தகரக் கூரை தலைக்கு மேலே இருக்கும். அப்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. ரயில் ஓடாமல் போகும் என்று யார் நினைப்பார்கள்?

சுதந்திரம் கிடைத்த வருஷத்தில்தான் சேதி வந்தது. தேயிலையை இனிமேல் லொறியில் ஏற்றி ரோட்டு வழியாக நானுஓயாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். சின்ன லைனை மூடிவிட்டுத் தண்டவாளத்தையும் கழற்றி எடுத்துவிடுவார்களாம். கழற்றுகிற வேலை யாருக்கு? எங்கள் கேங்குக்குத்தான். பாதை இன்ஸ்பெக்டர், எல்லாரும் பாதைத்தொரை என்று கூப்பிடுகிற ஒரு சட்டைக்காரப் பறங்கி, டிராலியில் வந்து இறங்கிக் கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலையை ஒழுங்காக முடித்தால் கேங்கைப் பெரிய லைனில் போடச் சொல்லி எழுதுவாராம். பெரிய லைன் என்றால் நானுஓயாப் பக்கம் ஒரு காம்பரா, மாசம் தவறாமல் சம்பளம், சாகும்வரை கவலையில்லை.

அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் ஆட்கள் பேயாய் உழைத்தார்கள். ராகலைப் பக்கத்திலிருந்து கழற்ற ஆரம்பித்தார்கள். கூட்ஸ் வெறும் பெட்டிகளோடு மேலே வரும். கழற்றிய தண்டவாளங்களை ஏற்றிக்கொண்டு, மிச்சமிருக்கும் பாதையில் பின்பக்கமாகவே இறங்கிப் போகும். மறுநாள் அது முன்னைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக வந்து நிற்கும். தேயிலை சுமந்த வண்டி தன் பாதையையே சுமந்துகொண்டு போனதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வேலை முடிந்து வரும் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து, இன்றைக்கு எவ்வளவு தூரம் எடுத்தோம் என்று பெருமை பேசுவார்கள். பெண்கள் நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, தண்டவாளத்தின் நுனி நம் வாசலுக்கு எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று பார்ப்போம். அது வாசலைத் தாண்டினால் காம்பராவைக் காலி பண்ண வேண்டும்.

"மெதுவாத்தான் கழட்டுங்களேன், யாரு அடிக்கப்போறா?" என்று ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. பாதைத்தொரை பாத்துக்கிட்டுதான் இருக்காரு. சுறுசுறுப்பா இருந்தாத்தான் பெரிய லைன்" என்றார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயது. அவர் வருவது தெரிந்தால் போதும், "ப்பா, ப்பா" என்று வாசலுக்குத் தவழ்ந்து ஓடுவாள். அவர் கையில் உள்ள துரு அவள் கன்னமெல்லாம் ஒட்டியிருக்கும். இவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே நினைப்பு. வேறு எதற்கும் மனசில் இடமில்லை.

லயத்துக்குக் கொஞ்சம் அப்பால், ராகலைப் பக்கம், பள்ளத்தை ஒட்டிய பெரிய வளைவில், எங்கள் கேங்கின் முனி இருந்தார். தேயிலை ஸ்டோரில் எந்திரங்களைக் காக்க ரோதை முனி இருப்பதைப் போல எங்களுக்கு வளைவு முனி. ஒரு நெடுங்கல், ஒரு சூலம், மேலே தகரத் துண்டு. பூசையன்றைக்குக் கூட்ஸ் அந்த இடத்தில் நிற்கும். சேவலறுத்து, ரத்தத்தைத் தண்டவாளத்தில் தொட்டு வைத்த பிறகுதான் நகரும். முனி தினமும் அந்தத் தண்டவாளத்தின்மேலேயே ரோந்து போகிறார், அதனால்தான் அந்த வளைவில் ஒரு வண்டியும் கவிழ்ந்ததில்லை என்பது கேங்காரர்களின் நம்பிக்கை. பெண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. நாங்கள் மேட்டில் ஏறிச் சுற்றித்தான் போவோம்.

கழற்றும் வேலை வளைவுக்கு வந்ததும் கங்காணி நிறுத்தச் சொல்லிவிட்டார். முனியின் பாதையை எடுத்துவிட்டால் அவர் எங்கே நடப்பார்? லயத்துக்குள்தானே வருவார்? ஆட்களெல்லாம் கூடிப் பேசி, முனிக்கு நேரே உள்ள ஒரு சோடித் தண்டவாளத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கழற்றிவிட்டார்கள். அதற்குக் குங்குமம் வைத்து, மாலையும் போட்டார்கள். அரசாங்கத்து இரும்பைச் சாமிக்கு எழுதி வைக்க இவர்கள் யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, "முனிக்குன்னு விட்டுட்டோம்" என்று நிம்மதியாகச் சொன்னார். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது.

தண்டவாளத்தின் நுனி லயத்து முதல் காம்பராவுக்கு நேரே வந்த அன்றைக்குப் பாதைத்தொரை கூட்ஸோடு வந்தார். வளைவில் மாலை தொங்குவதைப் பார்த்து நடந்து போனார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அதையும் கழற்றித் தூக்கி வந்து பெட்டியில் போடச் சொன்னார். நாங்கள் பெண்களெல்லாம் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "தொரை, எங்க கழுத்த வேணும்னாலும் வெட்டுங்க. அதுல மட்டும் கை வைக்க மாட்டோம்."

"இந்த ரெண்டு தண்டவாளம் வரலேன்னா பெரிய லைன்ல வேலை இல்லை. ஒருத்தனுக்கும் இல்லை" என்றார் பாதைத்தொரை.

ஒருவரும் அசையவில்லை. என் வீட்டுக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. முனிக்கு வானமே கூரை. என் பிள்ளைக்கு? இடுப்பிலிருந்தவளைப் பக்கத்துக் காம்பராக்காரியிடம் கொடுத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினேன். பெண்கள் கால் வைக்காத இடத்துக்குள் போய், கீழே கிடந்த அலவாங்கை எடுத்து, ஆணியின் தலைக்கடியில் கொடுத்து நெம்பினேன். அது இம்மியும் அசையவில்லை. மறுபடி நெம்பினேன். பின்னால் யாரோ "ஐயையோ, பொம்பள கை வச்சிட்டா" என்று கத்தினார்கள்.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து அலவாங்கைப் பிடுங்கினார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "தள்ளு புள்ள" என்று சொல்லி, ஆணியை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிப் போட்டார். அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முதலில் தொட்டவன்மேல்தான் தோஷம் என்று கங்காணியே தீர்ப்புச் சொன்னார். தோஷம் வேறொருவன் தலையில் போய்விட்டதால் மற்ற எல்லாருக்கும் கை வந்துவிட்டது. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எல்லாருமாகத் தோள் கொடுத்துத் தூக்கிப்போய்ப் பெட்டியில் போட்டார்கள். அன்றிலிருந்து லயத்தில் யாரும் எங்களோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்றிருந்தேன். எங்களுக்குக் காம்பரா கிடைத்தால் அவர்களுக்கும்தானே கிடைக்கும்.

அடுத்த வாரம் தண்டவாளம் எங்கள் வாசலைத் தாண்டியது. கடைசிக் காம்பராவைத் தாண்டிய அன்று பாதைத்தொரை மறுபடி வந்தார். ஆண்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க, பெண்கள் நாங்கள் பின்னால் நின்றோம். பெரிய லைனில் ஒருவருக்கும் வேலை இல்லை என்றார். பிரஜாவுரிமை இல்லாத இந்தியாக்காரர்களைப் புதிதாக எடுக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை இல்லை என்று புதுச் சட்டம் வந்திருந்தது. கங்காணியின் அப்பா இந்தப் பாதை போட மண் வெட்டியவர். கங்காணி பிறந்ததே இந்த லயத்தில்தான். 

"அப்ப எதுக்குத் தொரை அந்தத் தண்டவாளத்த எடுக்கச் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன். பொம்பளை பேசுகிறாள் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது என்னோட வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார். வளைவில் நின்று எங்களை மிரட்டியபோதே அவருக்கு அந்த உத்தரவு தெரியுமா, தெரியாதா? எத்தனையோ வருஷம் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 

காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கங்காணி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனது. சிலர் நுவரெலியாவில் மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். இதெல்லாம் முனியின் கோபம், அந்தப் பொம்பளை செய்த வேலை என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்களாம். முனி பாவம். பிரஜாவுரிமைச் சட்டம் போட்டது முனியா?

நாங்கள் ஒரு பெட்டியும் பிள்ளையுமாக நான் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். அங்கே என் அண்ணனுக்கு ஒரு காம்பரா இருந்தது. அண்ணன், அண்ணி, அவர்களின் பிள்ளைகள் என்று ஏற்கெனவே கால் நீட்ட இடமில்லை. வெளியாட்கள் லயத்தில் தங்கினால் அண்ணன் பேரையும் வெட்டிவிடுவார்கள். ஆகவே அண்ணன் அன்றைக்கே எங்களைக் கணக்கப்பிள்ளையிடம் கூட்டிப்போனார். அவர் எங்கள் அப்பாவுக்குப் பழக்கமானவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"இந்தா பாரு, கொழுந்தெடுக்க ஆள் பத்தல. உன் பேர் மட்டும்னா தோட்டத்துப் பெரிய தொரை போட்டுக்குவாரு. ஒத்தப் பொம்பளன்னா அண்ணன் காம்பராவுலயே இருந்துக்கலாம். புருஷனும் இருக்கான்னா குடும்பம் ஆயிடும். குடும்பம்னா தனிக் காம்பரா குடுக்கணும். காம்பரா இல்ல. அதனால உன் பேரையும் போட மாட்டாரு. வெளங்குதா?"

"அப்ப நான் என்னங்க ஐயா செய்யிறது?"

"புருஷன் இல்லன்னு சொல்லு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "சொல்லிரு புள்ள. சொன்னா நான் இல்லாமயா போயிருவேன்?" என்றார். சிரிக்கவும் பார்த்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றோம். நான், இடுப்பில் பிள்ளை, பக்கத்தில் அண்ணன், கணக்கப்பிள்ளை. தாலியை ரவிக்கைக்குள் தள்ளி, மேலே கம்பளியைப் போர்த்தியிருந்தேன். என் வீட்டுக்காரர் எங்கள் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரர், பெரிய தொரை, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கேட்டார்.

"புருசன் எங்கே?"

"இல்லைங்க தொரை."

"செத்துப் போச்சா?"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது. "விட்டுட்டுப் போயிட்டாருங்க" என்றேன்.  தொரை பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து என் மகள் கேட்டுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டி, "ப்பா! ப்பா!" என்று கத்தினாள்.

தொரை தலையைத் தூக்கிக் கேட்டைப் பார்த்தார்.  கணக்கப்பிள்ளை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"அது தாய்மாமனுங்க தொரை. பெட்டி தூக்கிட்டு வந்திருக்கு. புள்ளைக்கு ஆள் தெரியாம எல்லாரையும் அப்பான்னுது."

நிஜமான தாய்மாமன் என் பக்கத்தில் நின்று கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொரை என் பேரை எழுதிக்கொண்டார். அடுத்த நாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், என் பேரைக் கூப்பிட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். பொய் சொன்னேனே என்று நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கு நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தார்களே என்ற எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

என் வீட்டுக்காரர் நானுஓயாவுக்குப் போனார். கூட்ஸ் செட்டில் லொறிகளிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கிப் பெரிய லைன் பெட்டிகளில் ஏற்றும் நாட்கூலி வேலை. முன்னே சின்ன லைனில் போன பெட்டிகள் எல்லாம் இப்போது ரோட்டைச் சுற்றி அங்கேதான் வந்தன. எங்கள் தோட்டத்துப் பெட்டி வந்தால் அதை மட்டும் மெதுவாக இறக்குவேன், நீ எடுத்த கொழுந்தாச்சே என்று ஒருமுறை சொன்னார். சனிக்கிழமை திரும்புகிற லொறியில் தொற்றிக்கொண்டு கந்தப்பளை வருவார். கடை வராந்தாவில் படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டவாளம் இருந்த தடத்திலேயே நடந்து எங்களிடம் வருவார். இருட்டுவதற்குள் வெளியாட்கள் போய்விட வேண்டும். வாச்சர் வந்து வாசலில் நின்று செருமுவார். என் வீட்டுக்காரர் எழுந்து செருப்பை மாட்டுவார். சொந்தப் புருஷனுக்குச் சோறு போட்டு, விருந்தாளியை அனுப்புவதைப் போல அனுப்பிவைத்தேன்.

லயம் பூராவுக்கும் விஷயம் தெரியும். ஒரு வாய் திறக்கவில்லை. அதற்காக அந்தச் சனங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பயமெல்லாம் மகளை நினைத்துத்தான். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் உளறுவாள், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வரும்போது உளறுவாள். ஆகவே மாமா என்று சொல்லப் பழக்கினேன். அவள் கேட்கவில்லை. அவரைக் கண்டதும் அந்தப் பழைய வார்த்தையே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னாலேயே அவளை அடித்தேன். "மாமான்னு சொல்லு, சொல்லுடி" என்று முதுகில் வைத்தேன். அவள் தேம்பிக்கொண்டே, "மாமா" என்றாள். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் தவறவே இல்லை.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்று எங்களுக்கு ஆசை இருந்தது. புருஷன் இல்லாதவளுக்குப் பிள்ளை எப்படி வரும்? அதை நினைக்கவே பயந்து வருஷங்களைக் கழித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் நான் அவரோடு எவ்வளவு காலம் வாழ்ந்தேன்? கூட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய தொரை சீமைக்குப் போய், அவருக்குப் பின் வந்தவரும் போய், புதிதாக ஒருவர் வந்தார். அதற்குள் என் வீட்டுக்காரருக்கு முதுகு வளைந்துவிட்டது. பெட்டி தூக்க முடியாத ஆளைக் கூட்ஸ் செட்டில் யார் வைத்துக்கொள்வார்கள்? தலைநரைத்த கணக்கப்பிள்ளை, தாம் ஓய்வுபெற்றுப் போகும் முன்னால், புதிய தொரையிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். தொரை சிரித்தாராம். அதற்கென்ன, புல்லுவெட்டுக்குப் பேர் போட்டுக்கொள், கடைசி லயத்தில் ஒரு காம்பரா இருக்கிறதே என்றாராம். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவர் ஒரு சாக்கில் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை. மகள் அப்போது என்னோடு மலையில் கொழுந்தெடுக்கிற பெண்ணாகிவிட்டாள், அவளைப் பெண் கேட்டும் வந்துகொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்து கூடையை இறக்கியவளை நான் கையைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இனிமே பயமில்ல. யாரு கேட்டாலும் அப்பான்னே சொல்லலாம். கூப்பிடு" என்றேன்.

அவர் சாக்கை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைப் பார்த்தாள். நான் அடித்தது அவளுக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளையாக இருந்தாள். ஆனாலும் அந்த வார்த்தை வரவில்லை. குனிந்துகொண்டே கேட்டாள்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா மாமா?"

"குடு ஆத்தா" என்றார் அவர்.